சீதனப் பெர்மிட்

வாசலில் பஸ் உறுமத் தொடங்கிவிட்டால் எனக்கு வேறு அலாரம் தேவையில்லை. ஜூலை மாதத்து மனுரேவா, நியூசிலாந்தின் நடுக்குளிர்காலம். போர்வைக்கு வெளியே காலை நீட்டினால் அது நம்முடைய கால்தானா என்று சந்தேகம் வரும். நவரத்தினம் அங்கிள் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் தனியாக நிற்கும் ஒற்றை அறையில் நானும் என் மனைவி ரத்னாவும் வாடகைக்கு இருக்கிறோம். ரத்னா நர்ஸ், இரவு டூட்டி. அவள் ரயிலில் திரும்பி வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறோம் என்பதற்குச் சாட்சி, கழுவிக் கவிழ்த்து வைத்த காபி டம்ளர்கள்தான்.

பஸ்ஸை ஓட்டுகிறவர் அங்கிளின் மருமகன் பார்த்தீபன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். ஜப்பானில் ஓடிக் களைத்து, மிச்ச ஆயுளை இங்கே கழிக்க வந்த, ரோசா என்கிற மாடல் சின்னப் பஸ் அது. அண்ணனும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தார். முன் கண்ணாடியில் உறைந்த பனிக்குப் பால் கேனில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கண்ணாடி பிளந்துவிடும், ஒருதரம் பிளந்திருக்கிறது. பிறகு பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை, ஒவ்வொரு டயருக்கும் காலால் ஒரு தட்டு. கதவருகே அங்கிளின் மனைவி ரதிதேவி ஆன்ட்டி சாப்பாட்டுப் பையோடு கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்பார். அண்ணன் பையை வாங்கி, சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஏறுவார்.

நான் முன் சீட்டு. ஹீட்டர் வேலை செய்வது அங்கே மட்டும்தான், அந்த உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வெய்மத் ரோட்டில் டெய்ரி என்கிற பெட்டிக்கடை வாசலில் டோங்கா பெண்கள் நிற்பார்கள். பிரவுன்ஸ் ரோட்டில் பஞ்சாபிக்காரர்கள் இரண்டு பேர், கிரேட் சவுத் ரோட்டில் ஃபிஜி இந்தியர்கள். எல்லாரும் ஈஸ்ட் டமாக்கியில் லெட்டூஸும் கீரையும் வெட்டிப் பாக்கெட்டில் அடைக்கிற ஃபாக்டரிக்குப் போகிறவர்கள். குளிரில் இருந்து வந்து பஸ்ஸில் ஏறி, திரும்பக் குளிர்பெட்டி மாதிரி இருக்கும் ஹாலுக்குள் போய் நாள் முழுக்க நிற்கிறவர்கள். பஸ் மோட்டார்வேயில் ஏறியதும் தலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். அவர்களை இறக்கிவிட்டு, நான் வேலை பார்க்கிற கோடவுன் வாசலில் என்னையும் இறக்கிவிட்டு, பாட்டனி என்கிற பகுதியில் கடைகளில் வேலை செய்கிறவர்களை ஏற்ற அண்ணன் திரும்பிப் போவார். சாயங்காலம் இதே பாடு தலைகீழாக நடக்கும். சனிக்கிழமையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைக் கழுவ வேண்டும்.

இந்தப் பஸ்ஸை ஓட்டுவதற்கான பெர்மிட் நவரத்தினம் அங்கிள் பேரில் இருந்தது. சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, ஓரத்தில் சந்தனப் பொட்டோடு தொங்கும். இலங்கையிலிருந்து அகதியாக வந்து இறங்கி, ஃபாக்டரிகளில் உழைத்துக் காசு சேர்த்து, பழைய பஸ் ஒன்றை வாங்கி, அந்தப் பெர்மிட்டை எடுத்திருந்தார். அவர் ஓட்டிய காலத்தில் ஒரு நாள்கூடப் பஸ் நின்றதில்லை என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கே கொண்டுவந்து நிறுத்துவார். கண்ணில் பூ விழுந்து, இனிமேல் பஸ் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கீழே இறங்கினார்.

அதே பெர்மிட்தான் மகள் சோபனாவின் சீதனம். எங்கள் தமிழ்நாட்டில் வரதட்சணை என்று சொல்லி, வாங்குகிறவனும் கொஞ்சம் வெட்கப்படுவதுபோல நடிப்பான். இவர்கள் சீதனம் என்று சொல்லி நடுக்கூடத்தில் வைத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பார்த்தீபன் அண்ணனுக்குச் சாவகச்சேரி. பெண் வீட்டில் என்ன தருவார்கள் என்று கேட்டபோது, அங்கிளிடம் தருவதற்கு வீடு இல்லை, இருந்த வீடும் மார்ட்கேஜில் இருந்தது. பெர்மிட்டை ஐந்து வருஷத்தில் மருமகன் பேருக்கு எழுதித் தருகிறேன் என்று சொன்னார். அண்ணனின் அப்பா செல்வரத்தினமும் அக்கா பிரசாந்தியும் சாவகச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒரு ரூட் பெர்மிட் இப்போது என்ன விலை போகிறது என்று விசாரித்திருக்கிறார்கள். கேட்டு வந்த விலையில் இரண்டு பேருக்கும் தூக்கம் போயிருக்கிறது. அடுத்த வாரமே நாள் பார்த்துவிட்டார்கள்.

நான் சிரிக்கவில்லை. நான் நாமக்கல்காரன். ஒரு ரூட் பெர்மிட்டுக்காகக் கூடப் பிறந்தவர்கள் கோர்ட்டில் எதிரெதிரே நின்றதைப் பார்த்து வளர்ந்தவன். பெர்மிட் என்றால் நிலம் மாதிரி என்றுதான் எனக்கும் நினைப்பு.

ஐந்து வருஷம் எப்போதோ போய்விட்டது. பிள்ளை பிரணவி ஸ்கூலுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். கேட்டால் அங்கிள் ஓம், ஓம், செய்வம் என்பார். அண்ணனும் இரண்டாம் தரம் கேட்கமாட்டார். நாளைக்குத் தன்னுடையதாகப் போகிற சொத்துக்கு இன்றைக்குச் சம்பளம் கேட்பது மரியாதை இல்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். லீவும் அப்படித்தான்.

ஜூன் மாதக் கடைசியில் சாவகச்சேரியிலிருந்து பிரசாந்தி போன் செய்தார். அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு குழறுகிறது, தம்பி வரமாட்டானா என்று சைகையால் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அண்ணன் அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராகப் போய், மூன்று கிழமை, நம் பேச்சில் மூன்று வாரம், ஊருக்குப் போய்வர வேண்டும் என்று மாமனாரிடம் கேட்டார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் தொடங்கினாலே பதில் தெரிந்துவிடும்.

பஸ் நின்றால் பெர்மிட் போய்விடும். இதுதான் அங்கிளின் வாதம், வாதம்கூட இல்லை, வேதம். அவருடைய அண்ணர் யாழ்ப்பாணத்தில் மினிபஸ் வைத்திருந்தவர். சண்டைக் காலத்தில் பாதை மூடியதால் கொஞ்ச நாள் ஓடவில்லை. பாதை திறந்து போய்ப் பார்த்தால், ரூட்டில் வேறொருவனின் பஸ் ஓடுகிறது. ஓடாத பெர்மிட்டை ரத்துச் செய்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணர் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வேறு டிரைவரைப் போடலாமே என்றால், இந்த அகால நேரத்துக்கு வர ஆளும் கிடைக்கவில்லை, கிடைத்த ஒருவன் கையில் பஸ்ஸைக் கொடுக்க அங்கிளுக்கு மனமும் வரவில்லை.

இந்த வேதத்தால்தான் பார்த்தீபன் அண்ணன் பெற்ற தாயின் செத்தவீட்டுக்கே போகவில்லை. அது நாங்கள் இங்கே குடிவந்த வருஷம். ஒரே மகன். கொள்ளி வைத்தது பிரசாந்தியின் மகன். ஃபாக்டரிக்குப் பின்னால் பஸ்ஸை நிறுத்தி, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து அண்ணன் அதைப் பார்த்தார். நடுவில் சிக்னல் விட்டுவிட்டுப் போனது. ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வந்து கதவைத் தட்ட, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்கும் நான் முன் சீட்டில்தான் இருந்தேன், ஹீட்டரைக் கூட்டி வைத்தேன்.

இப்போது அப்பாவின் முறை. இந்த நேரம் பார்த்துப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. பழைய பெர்மிட்டுகள் இனிச் செல்லாது, வைத்திருப்பவர்கள் எல்லாரும் செப்டம்பருக்குள் ஆபரேட்டிங் லைசென்ஸுக்கு மாறிக்கொள்ள வேண்டும். அங்கிளுக்கு உலகமே இடிந்து விழுந்ததுபோல் ஆகிவிட்டது. மாற்றுகிற நேரத்தில் ஒரு நாள் பஸ் நின்றாலும் இதுதான் சாட்டு என்று பிடுங்கிவிடுவார்கள் என்றார். பெர்மிட் போனால் சீதனமும் போச்சு, எல்லாரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றார். அப்பா அங்கே படுக்கையில், அண்ணன் இங்கே ஸ்டியரிங்கில்.

ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இந்த வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால் படிக்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சோபனாவுக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ், பாட்டனியில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். ஆனாலும் அப்பாவுக்கு இப்படிப்பட்ட விஷயங்களை வெளி ஆம்பிளை ஒருவர் வாயால் கேட்டால்தான் திருப்தி. சோபனா அதற்குக் கோபப்படுவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

வெளியே மழை கூரைத் தகரத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆன்ட்டி ஸ்னாப்பர் மீன் தலைக் குழம்பு வைத்திருந்தார். இங்கே வெள்ளைக்காரர்கள் தலையை வேண்டாமென்று ஒதுக்குவதால் நமக்கு வாழ்வு. புட்டும் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். லீவு கேட்டுக் கிடைக்காத நாளிலிருந்து அவர் மேசையில் உட்கார்வதில்லை. மாமியார் கையால் வாங்குவார், மாமனார் முன்னால் சாப்பிடமாட்டார். கோபப்பட்ட மருமகனுக்கு இந்த வீட்டில் அவ்வளவுதான் அனுமதி.

அந்தக் கடிதத்தை நான் படித்துத் தமிழில் சொன்னேன். பஸ் சர்வீஸை உண்மையில் யார் கட்டுப்படுத்தி நடத்துகிறாரோ அவர் பேரில்தான் லைசென்ஸ். அவர் சட்டதிட்டங்களில் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். லைசென்ஸை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

"எழுதிக் குடுக்க ஏலாதோ?" அங்கிள் கேட்டார்.

"முடியாது அங்கிள். விக்கவும் முடியாது, எழுதி வைக்கவும் முடியாது."

ஆன்ட்டியின் கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது. அவர் கணவரைப் பார்க்கவில்லை, வாசலில் தெரிந்த மருமகனின் முதுகைத்தான் பார்த்தார். இப்போதைக்குத் தன் பேரில் எடுத்து வைப்போம், பிறகு ஒரு வழி பார்ப்போம் என்று அங்கிள் முணுமுணுத்தார். அப்படியென்றால் பரீட்சையை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றேன். அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

யார் கட்டுப்படுத்தி நடத்துகிறார் என்று இன்னொரு தரம் யோசிக்கச் சொன்னேன். பெண்களின் ஷிஃப்ட் மாறினால் மெசேஜ் சோபனாவுக்குத்தான் வரும். பஸ் தகுதிச் சோதனைக்கு நாள் எடுப்பதும், டயருக்குச் சொல்வதும், வரி கட்டுவதும் அவள்தான். ஆனால் இதை அந்த வீட்டில் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த பிரணவிதான் தலையைத் திருப்பாமல், "மம்மி" என்றாள். யாரும் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சோபனா மட்டும் தட்டைப் பார்த்துக் கொஞ்சமாகச் சிரித்தாள்.

கடைசியில் அண்ணனுக்காக நானே கேட்டேன். பஸ் கொஞ்ச நாள் நின்றால் ரத்தாகும் என்று இதில் எங்கேயும் போடவில்லையே என்றேன்.

"எழுதமாட்டாங்கள் தம்பி," என்றார் அங்கிள். "செய்வாங்கள்."

எழுதாமல் செய்யப்பட்டதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர். எழுதினதை மட்டும் படிக்கத் தெரிந்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் பஸ்ஸைக் கோடவுன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தேன். அவர் முகம் சவரம் செய்யாமல் இருந்தது. அப்பா நேற்றிலிருந்து கஞ்சிகூட இறங்காமல் இருக்கிறாராம். ஆன்ட்டி கொடுத்த சாப்பாட்டுப் பை திறக்காமல் கிடந்தது. அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போடு பழனி, நான் கதைத்தால் பதறிவிடுவேன் என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்தேன். வெகு நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தாள், குரலைக் கேட்டால் ஓய்வு பெறப்போகிற வயது. பொறுமையாகப் பேசினாள். முதலில் சீதன விஷயத்தைக் கேட்டேன், சீதனம் என்று சொல்லாமல். மாமனார் பெர்மிட்டை மருமகனுக்குக் கொடுக்க ஏதாவது வழி உண்டா? கொடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லையே என்றாள் அவள். மருமகனுக்கு வேண்டுமென்றால் அவரே விண்ணப்பித்திருக்கலாமே. இப்போதும் செய்யலாம். பழைய பெர்மிட்டையும் தகுதி உள்ள யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கியிருக்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பு ஒன்றும் இருந்ததில்லை.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவகச்சேரி பஸ் ஸ்டாண்டில் விலை விசாரித்தவர்களை நினைத்திருப்பாரோ என்னவோ. எனக்கு ஒரு கணம் சிரிப்புத்தான் வந்தது. நாமக்கல்லில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு அவரே போன் பக்கம் குனிந்தார். பதறவில்லை. இலங்கையில் தகப்பனுக்குச் சுகமில்லை, மூன்று வாரம் பஸ் ஓடாது, பெர்மிட்டை ரத்துச் செய்வீர்களா என்று தன் இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

ரத்தா, எதற்கு என்று கேட்டாள் அவள். உங்கள் பயணிகளுக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், எங்களுக்கும் ஒரு ஈமெயில் போடுங்கள், போய்விட்டு வாருங்கள். மாற்றும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பா சீக்கிரம் குணமாகட்டும்.

"பழைய பெர்மிட்டிலயும் அப்பிடித்தானோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு, சுதாரித்து இங்கிலீஷில் கேட்டார்.

எப்போதும் அப்படித்தான் என்றாள். கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. உங்கள் பெர்மிட்டை இப்போது பார்க்கிறேன், இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட நீங்கள் நிறுத்தி வைத்ததில்லை போலிருக்கிறது, இப்படி ஒரு வசதி இருப்பதை யாரும் சொல்லவில்லையா என்று கேட்டாள். பாவம், நல்ல மனசோடுதான் கேட்டாள்.

அண்ணன் தாங்க்யூ சொன்னார். நான் போனை எடுத்து அணைத்தேன். எதிரே ஒரு லாரி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது, அதன் பீப் சத்தம் ஓய்வதற்காகக் காத்திருப்பவர்போல அவர் உட்கார்ந்திருந்தார்.

"அம்மான்ர நேரம் நானே ஒருக்கா போன் எடுத்துக் கேட்டிருக்கலாம் பழனி," என்றார். "கேக்கோணும் எண்டு ஒரு யோசினையும் வரேல்லை, பார்."

உங்களுக்கு என்ன தெரியும் அண்ணா, எனக்கும்தான் தெரியாது என்று என்னவோ சொன்னேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. உள்ளே போ, உனக்கு நேரமாச்சு என்றார். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. இரண்டு பெட்டிகளை ஹென்டர்சன் கடைக்குப் பதிலாக வேறு கடைக்கு அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் ஃபாக்டரி வாசலில் பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் கதவை மூடாமல் எழுந்து நின்று அவர்களைப் பார்த்துத் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. இரண்டொரு நாளில் ஊருக்குப் போகிறேன், மூன்று வாரம் பஸ் வராது, அப்பாவுக்குச் சுகமில்லை என்றார். மன்னிப்பும் கேட்டார். முன் வரிசையில் இருந்த மெலே என்கிற டோங்கா அம்மாள், அப்பாவுக்கு எப்போதிலிருந்து சுகமில்லை என்று கேட்டார். போன மாதத்திலிருந்து என்றதும், பிறகு எதற்கு இன்னும் இங்கே இருக்கிறாய் என்று அதட்டினார். சர்ச் வேன் என் தம்பியிடம் இருக்கிறது, எங்களை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பஞ்சாபிக்காரர்கள் ஒருவன் காரில் சேர்ந்து போகிறோம் என்றார்கள். பின்னால் இருந்த பெண்கள் ரயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். மோட்டார்வே வருவதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. எந்தப் பஸ் ஒரு நாள் நின்றால் உலகம் கவிழும் என்று இத்தனை வருஷம் பயந்தோமோ, அந்தப் பஸ் இல்லாமல் போக அவர்களுக்கு அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது. அண்ணன் வண்டியை ஓட்டிக்கொண்டு அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்னையும் உள்ளே வரச் சொன்னார். நான் சொன்னால் மாமா நம்பமாட்டார், நீயும் கேட்டாய் அல்லவா என்றார். அடுத்தவர் குடும்ப வழக்கில் சாட்சிக்கு நிற்பதைப் போல ஒரு தர்மசங்கடம் உலகத்தில் கிடையாது. ஆனாலும் போனேன்.

ஆன்ட்டி இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். அடுப்படிக் கண்ணாடி எல்லாம் ஆவி. சோபனா வேலையிலிருந்து வந்த உடுப்போடு சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அங்கிள் மேசையில் இருந்தார். அண்ணன் கையைக் கழுவிவிட்டு, வாசல் படிக்குப் போகாமல், மாமனாருக்கு எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆன்ட்டி அவசரமாக ஒரு தட்டை வைத்தார்.

அண்ணன் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பெர்மிட்டில் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்பதையும், பஸ் நின்றால் ஒன்றும் ஆகாது என்பதையும், அது எப்போதும் அப்படித்தான் என்பதையும்.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீரும் கேட்டனீரோ?"

"ஆமா அங்கிள். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினோம்."

"எங்கட அண்ணற்ற பெர்மிட்டை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவருக்கே அது எடுபடவில்லை. ஆன்ட்டிதான் பேசினார். சரி, போனது போகட்டும், லைசென்ஸை மருமகன் பேரிலேயே எடுப்போம், பரீட்சையை அவரே எழுதட்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாக இருக்கும் என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. மகளுக்கு ஒன்றுமே கொடுக்காமல் அனுப்பியதுபோல அந்த அம்மாளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"எனக்கு வேண்டாம் மாமி," என்றார் அண்ணன்.

தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

"என்ன தம்பி சொல்லுறியள்? அது சீதனமெல்லோ."

"லைசென்ஸ் சோபனாவின்ர பேரில இருக்கட்டும். அவதானே எல்லாம் பாக்கிறவ. அவ எழுதிப் பாஸ் பண்ணுவா. நான் அவவிட்ட வேலை செய்யிறன், சம்பளத்துக்கு." இடியப்பத்தின் மேல் சொதியை ஊற்றிக்கொண்டார். "இந்த நாட்டில வேலை செய்யிற ஆளுக்கு வருசத்துக்கு நாலு கிழமை லீவு குடுக்கோணும், அது சட்டம். மருமகனுக்கு அப்பிடி ஒண்டுமில்லை. எனக்கு லீவு மட்டும் காணும் மாமி. வேற ஒண்டும் வேண்டாம்."

கோபத்தில் சொல்கிறாரா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவரிடம் அது இல்லை. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது, இறங்குகிறேன் என்கிற மாதிரித்தான் இருந்தது. எனக்கு அந்த நிமிஷம் அங்கிள் மேல் ஆத்திரமாக வந்தது, அடுத்த நிமிஷம் அவரைப் பார்க்கவும் முடியவில்லை.

சோபனா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணவனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். வியாழக்கிழமை சிங்கப்பூர் வழியாகப் பிளேனில் ஒரு இடம் இருக்கிறது, காலையிலேயே பிடித்து வைத்துவிட்டேன் என்றாள். அவளுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. ஷிஃப்ட் மாறினால் மெலே முதலில் மெசேஜ் போடுவது அவளுக்குத்தானே, இப்போதும் போட்டிருப்பார். ஆனால் காலையிலேயே என்றாளே. அப்படியானால் போன் பேசுவதற்கு முன்னாலேயே, பெர்மிட் இருந்தாலும் போனாலும் சரி என்று முடிவெடுத்திருக்கிறாள்.

"என்னப்பா, கெதியா சாப்பிட்டிட்டு அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ," என்றாள்.

அண்ணன் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். பசித்தவர் சாப்பிடுகிற சாப்பாடு. ஆன்ட்டி இன்னும் இரண்டு இடியப்பத்தை எடுத்து வைத்தார், வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. பிரணவி வந்து, டாடி எங்கே போகிறார் என்று இங்கிலீஷில் கேட்டாள். அப்பப்பாவைப் பார்க்க என்று சோபனா சொல்லி, அவளை அழைத்துக்கொண்டு போனாள்.

நான் எழுந்துகொள்ள நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிள் மட்டும் தன் தட்டைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. பூ விழுந்து எடுத்த அந்தக் கண்களால் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கணக்குப் போட்டு விடை வந்தவர்போல மெதுவாகப் பேசினார்.

"அப்ப, உம்மட அம்மான்ர செத்தவீட்டுக்கும் நீர் போயிருக்கலாம்."

பார்த்தீபன் அண்ணன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"ஓம் மாமா," என்றார். "போயிருக்கலாம்."